வடசென்னைக் கார்களில் ‘டொக்’ ஒலி: ஒரு நெய்தல் திணை ஆய்வு

பரணிக்கும் தூதுக்கும் முனைவர் பட்டங்கள் குவிந்து கிடக்கின்றன. காசிமேட்டிலிருந்து எர்ணாவூர் வரை நாள்தோறும் காரின் முன் சக்கரத்துப் பக்கம் முழங்கும் ‘டொக்’ ஓசைக்கோ ஓர் அடிக்குறிப்புகூட இல்லை. அக்குறை நீக்கவே இவ்வாய்வு.

திணை, ஐயத்துக்கு இடமின்றி, நெய்தல். நிலம் கடலும் கடல் சார்ந்த கன்டெய்னரும். பொழுது எற்பாடு, ஷிஃப்டு விட்டவர்கள் திருவொற்றியூர் ஹைரோட்டில் ஒன்றாக வந்து சேர்கிற நேரம். வேகம் இருபதைத் தாண்டாது என்பதால் ஒலி தெளிவாகக் கேட்பதும் அப்போதுதான். உரிப்பொருள் இரங்கல், இரங்குவது கார் அன்று, அதற்குத் தவணை கட்டுபவர். நெய்தலுக்குரிய பறைகளாக மீன்கோட்பறையையும் நாவாய்ப் பம்பையையும் சொல்வார்கள். மூன்றாவதாகக் காரின் சஸ்பென்ஷனில் உள்ள லிங்க் ராடைச் சேர்க்கலாம் என்பது இக்கட்டுரையாளன் துணிபு.

ஒலிக்கு முதற்காரணம் சாலை. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய்ஸில் லாரிகளை ஓட்டி ஓட்டியே சாலைகளைச் சிதைத்துப் பார்த்தார்கள். அச்சின் மேல் சுமை இரண்டு மடங்கானால் சாலைக்குச் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்காகிறது என்பது அதில் கண்ட விதி. இங்கே நான்கு டயர் மாட்டிய ஒற்றை அச்சுக்கு 2018 முதல் 11.5 டன் வரை அனுமதி உண்டு. சின்னக் காரின் ஓர் அச்சில் இருப்பது அரை டன்னுக்குக் கொஞ்சம் மேல். துறைமுக கேட்டுக்குப் போகும் ஒரு லாரி அச்சு ஒருமுறை உருண்டால், நம் கார் அச்சு லட்சம் தடவைக்கு மேல் உருண்டதற்குச் சமம். பள்ளத்தை அவர்கள் வெட்டுகிறார்கள், விழுவது நாம். ஒற்றியூரை விட்டுப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்த சுந்தரருக்கு, ஊர் எல்லை தாண்டியதும் கண் போனது என்பது புராணம். இன்று தாண்டுகிறவர்களுக்கு லோயர் ஆர்ம் புஷ் போகிறது.

ஊரின் விசித்திரத்தையும் இங்கே பதிவு செய்தாக வேண்டும். 1948இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பாகம் பாகமாகப் பூட்டியது. பின்னாளில் அதுவே அசோக் லேலண்ட். 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியது பிறகு எம்.ஆர்.எஃப். ஆயிற்று. இரும்பும் ரப்பரும் பிறந்த ஊர் இது. ‘டொக்’ பிறப்பதோ இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே இருந்த ரப்பர் செத்த இடத்தில், அல்லது கிரீஸ் வற்றிய பால் ஜாயிண்டில். மேற்கொண்டு தத்துவம் தேவையில்லை.

இனி ஆய்வுநெறி. ஒலி கேட்டதும் தெருவில் ஒருவர் தவறாமல் தோன்றி, “இன்னா சார், ஷாக்கு பூட்ச்சா?” என்பார். இந்த ஷாக் அப்சார்பர் கொள்கைக்கு இப்பகுதியில் பெரும் செல்வாக்கு உண்டு. நான் அதை மறுக்கிறேன். இருப்பதில் விலை கூடிய பாகத்தின் மேல் முதல் பழியைப் போடுவது ஆய்வாகாது. பேனட்டின் ஒரு மூலையை உடம்பு பாரம் முழுவதும் கொடுத்து அழுத்திச் சட்டென்று விடுங்கள். ஒருமுறை எழுந்து அமர்ந்தால் ஷாக் பெரும்பாலும் நிரபராதி. தொட்டில்போல ஆடிக்கொண்டே இருந்தாலோ, ஷாக்கின் மேல் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தாலோ, தெருக்காரர் சொன்னதே சரி என்று ஒப்புக்கொள்ளலாம்.

காதை நம்புவது அடுத்த பிழை. தகர உடம்பு முழுக்க ஒலி ஓடும். இடப்பக்கம் பிறந்தது வலப்பக்கம் கேட்கும். தண்டையார்பேட்டை மெக்கானிக் மரபு இதை, “காத நம்பாத சார், கைய வெச்சுப் பாரு” என்று சூத்திரமாகவே வைத்திருக்கிறது. மெதுவாகப் போகையில் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சின்னப் பள்ளத்தில் இறங்கும்போது ‘டொக்’ என்றால் லிங்க் ராடு. பிரேக் பிடிக்கும் கணத்தில் ஒரே ஒரு அடி என்றால் லோயர் ஆர்ம் புஷ். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது என்றால் ஸ்ட்ரட்டின் தலைப்பகுதி. வீட்டில் ஒருவரை ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லி, பேனட்டைத் திறந்து அந்தத் தலையில் விரல் வைத்தால் அதிர்வு கைக்கே தெரியும். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 முதல் இன்றைய சின்னக் கார்கள் வரை, பெரும்பாலானவற்றின் முன்பக்கம் மக்ஃபர்சன் ஸ்ட்ரட்தான் என்பதால் இந்நெறி பெரும்பான்மைக்குப் பொருந்தும்.

ஜாக்கி போடுவது சமதரையில். ஹேண்ட் பிரேக் இழுத்து, எதிர்ச் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஸ்டாண்டும் கொடுத்த பிறகே கை உள்ளே போகலாம். இந்த இடத்தில் மட்டும் நகைச்சுவை இல்லை. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். ஒருவர் பிரேக்கை மிதிக்க ஆட்டம் மறைந்தால் பேரிங். இடமும் வலமுமாக ஆடினால் டை ராடு எண்டு. லிங்க் ராடு மட்டும் இப்படிச் சிக்காது. சக்கரம் தொங்கும்போது அது முறுக்கி இழுபட்டு, ஒன்றும் தெரியாததுபோல் விறைத்து நிற்கும். நான்கு சக்கரமும் தரையில் இருக்கையில் பிடித்து ஆட்டினால் உண்மையைச் சொல்லிவிடும். கழற்றுவது வேறு கதை. உப்புக்காற்று நட்டைப் போல்ட்டோடு சேர்த்து ஒரே உலோகமாக்கி வைத்திருக்கும்.

மெக்கானிக் ஏறி உட்கார்ந்ததும் ஒலி நின்றுவிடுவது உலகறிந்த விதி. இதில் மர்மமில்லை. கூடுதலாக ஓர் ஆள் பாரம் ஏறியதும் ஸ்பிரிங் சற்று இறங்குகிறது. புஷ் நிற்கும் கோணம் மாறுகிறது. அவரை இறக்கிவிட்டு வெளியிலிருந்து கவனிக்கச் சொல்லலாம். கட்டணம் அதே.

இத்தனை சோதனையிலும் எதுவும் சிக்காமல் ‘டொக்’ தொடர்வதும் உண்டு. அதற்கான இயல் முதலில் வந்திருக்க வேண்டும்; முடிவுகளை இறுதியில் வைப்பது ஆய்வேட்டு விதி என்பதால் இங்கே வருகிறது. அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடிய ஔவையார், புறநானூறு 102இல் உமணரின் உப்பு வண்டியைக் காட்டுகிறார். எருதுகள் இளையவை, பாரம் பெரிது, மேட்டிலும் பள்ளத்திலும் என்ன நேருமோ என்று வண்டிக்கு அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டியே புறப்படுகிறார்கள். உரைகள் ‘சேமம்’ என்பதில் நின்றுவிடுகின்றன. இவ்வாய்வுக்கு வேண்டியது ‘கட்டி’ என்பது. டிக்கியைத் திறந்து தரைவிரிப்பைத் தூக்குங்கள். ஸ்டெப்னியை இறுக்கும் போல்ட்டு இரண்டு சுற்று தளர்ந்து, பக்கத்தில் ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் உறையில்லாமல் உருண்டுகொண்டிருக்கும்.