குழாயிலேயே டானிக் தயாரிப்பது எப்படி?

படிகாரம் போட்டு, மணலில் வடிகட்டி, குளோரின் கலந்து அனுப்பும் தண்ணீரில் சத்து ஏது? சுத்திகரிப்பு நிலையத்தின் வேலை அதன் வாசலோடு சரி. மிச்சத்தை உங்கள் தெருவும் வீடும் கவனித்துக்கொள்ளும். செய்முறை இதோ:

1. இரும்புச்சத்து: தாத்தா காலத்து ஜி.ஐ. பைப்பை மாற்றவே மாற்றாதீர்கள். முதலில் மேல்பூச்சாக இருக்கும் துத்தநாகம் கரையும்; அது தீர்ந்ததும் இரும்பு. ராத்திரி முழுக்கத் தண்ணீர் குழாயிலேயே தேங்கட்டும். விடிந்ததும் முதல் குடம் டீ டிகாஷன் நிறத்தில் இறங்கும். துருவில் உள்ள இரும்பு உடம்பில் அவ்வளவாக ஒட்டாது. வெள்ளை வேட்டியில் பிரமாதமாக ஒட்டும்.

2. ஈயச்சத்து: பழைய பித்தளைக் குழாய்களிலும், ஈயம் சேர்த்துச் செய்த பி.வி.சி. பைப்புகளிலும் கிடைக்கும். 2021இல் மத்திய அரசு விதி போட்டு இந்த வழியை அடைக்கப் பார்த்தது. அதற்கு முன் பதித்தவை மண்ணுக்குள் பத்திரமாக இருக்கின்றன. ஊர் முழுக்க விநியோகிக்க ஆசையா? அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரத்தைப் பின்பற்றுங்கள். 2014 ஏப்ரலில் சிக்கனத்துக்காக ஆற்று நீருக்கு மாறினார்கள். குழாய் அரிக்காமலிருக்கச் சேர்க்க வேண்டிய பாஸ்பேட்டைச் சேர்க்கவில்லை. குழாயின் உட்படலம் உரிந்து, ஈயம் வீடு தேடி வந்தது. எஞ்சின் பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று அதே ஆண்டு அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை அந்தத் தண்ணீரைக் கைவிட்டது. குழந்தைகளுக்கு மட்டும் அது இன்னும் ஓராண்டு தொடர்ந்தது.

3. உயிர்ச்சத்து: தெருக் குழாய் இணைப்பிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சுங்கள். குழாய்க்குள் அழுத்தம் விழுந்ததும், விரிசல் வழியாகப் பக்கத்துச் சாக்கடை உள்ளே வரும். குளோரின் தடுக்குமே என்று கவலை வேண்டாம். வழியிலுள்ள துரு அதில் ஒரு பங்கைத் தீர்த்துவிடும். உட்சுவரில் வழவழவென்று படிந்திருக்கும் கிருமிகளுக்கு மேலே சொன்ன இரும்புச்சத்து உண்மையிலேயே பயன்படும்.

தவிர்க்க வேண்டிய கெட்ட பழக்கங்கள்: தேங்கிய முதல் தண்ணீரை வாசல் தெளிக்க விட்டுவிடுவது, பைப்பை மாற்றுவது, மோட்டாரைக் கழற்றுவது, தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுப்பது. இவை நான்கும் டானிக்கை வெறும் தண்ணீராக்கிவிடும்.

கொதிக்க வைப்பவர்கள் பயப்பட வேண்டாம். கிருமிதான் சாகும். ஈயம் அப்படியே இருக்கும். தண்ணீர் சுண்டச் சுண்ட வீரியம் கூடும்.