பெரியப்பாவின் ஒரு சாண் காணி

வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவனுக்கு ஒவ்வொரு சொந்தக்காரர் வீட்டிலும் மூன்று கேள்விகள் காத்திருக்கும். "எப்ப வந்தனி?" என்பது முதலாவது. அதற்குப் பதில் சொல்லி வாயை மூடுமுன் "எப்ப போறாய்?" வந்துவிடும். மூன்றாவதற்குக் குரல் கொஞ்சம் தாழும்: "அங்க ஒரு வீடு இப்ப என்ன விலை போகுது?" இதற்கிடையில் மேசையில் நெக்டோச் சோடாவும் லெமன் பஃப்பும் கதலிப்பழமும் வந்து இறங்கியிருக்கும். எத்தனை வீடோ அத்தனை நெக்டோ. வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். "ஓமோம், கனடாக்காரர் எங்கட வீட்டில வாய் நனைப்பினமே" என்று அடுத்த தலைமுறைவரை பேசுவார்கள்.

இந்த அன்பிலிருந்து கொஞ்சம் மூச்சு வாங்கத்தான், ஊரைச் சுற்றிக் காட்டச் சொல்லிப் பெரியப்பாவைக் கேட்டேன். கச்சேரியில் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர். எண்பதை எட்டிப் பிடிக்கிற வயது. ஆனாலும் அவருடைய எம்டி 90 மோட்டார்சைக்கிளை வேறு ஆள் ஓட விடமாட்டார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். எனக்கு முன்னால் அவர், அவருக்கு முன்னால் நல்லூர்க் கந்தன் என்று நம்பிக்கொண்டு புறப்பட்டோம்.

முதலில் ரயில் நிலையம். 1990இல் நின்றுபோன யாழ்தேவி, இந்தியா போட்டுக்கொடுத்த புதுப் பாதையில் 2014 ஒக்ரோபரில்தான் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது. "இருபத்து நாலு வருஷம் ரயில் வரேல்லை, என்ன பெரியப்பா" என்று உச்சுக்கொட்டினேன். "ரெயின்தான் வரேல்லை. தண்டவாளம் எல்லாற்றை வீட்டுக்கும் வந்தது" என்றார். உண்மைதான். தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் ஊரிலிருந்த பங்கர்களுக்குக் கூரையாகப் போய்ச் சேர்ந்தன. "எங்கட பங்கருக்கு மேல கிடந்தது கோண்டாவில் ஸ்ரேசனுக்குக் கிட்டக் கழட்டின துண்டு. நல்ல கெட்டி. பொம்மர் வரேக்க நாங்கள் பயணம் போனதெல்லாம் முதலாம் வகுப்பில."

அடுத்தது நூலகம். 1981இல் சுமார் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்ட கட்டிடம் இன்று பழைய வடிவத்திலேயே வெள்ளைவெளேரென்று நிற்கிறது. பெரியப்பா படியேற மறுத்துவிட்டார். காரணம் பெரியம்மா. எரிவதற்குச் சில வாரங்களுக்கு முன் அவர் இரவல் எடுத்த ஒரு தையல் புத்தகம் இன்னும் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. "நாள் தவறாமல் திருப்பிக் குடுத்த ஒழுக்கமான சனத்தின்ரை புத்தகமெல்லாம் எரிஞ்சு போச்சு. உன்ரை பெரியம்மான்ரை பஞ்சியால ஒண்டு தப்பிச்சுது" என்றார். திருப்பிக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். அவர் கிளாக்கர் அல்லவா, தண்டப்பணத்தை ஏற்கெனவே கணக்குப் பார்த்து வைத்திருந்தார். அதனால்தான் வாசலோடு நின்றுகொண்டார்.

கோட்டை கூப்பிடு தூரத்தில். போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் ஐங்கோணமாக்கி, நம் காலத்துப் போர் உடைத்து, இப்போது மறுபடியும் கல் அடுக்கியிருக்கிறார்கள். மதிலில் சோடி சோடியாக இளசுகள். பெரியப்பா அவர்களைக் காணாதது போலக் கடந்துபோய்க் கடலைப் பார்த்துச் சொன்னார்: "ஒல்லாந்தன் எங்களுக்கு ரண்டு சாமான் விட்டிட்டுப் போனவன். ஒண்டு இந்தக் கோட்டை. மற்றது 1707இல எழுதிவைச்ச தேசவழமைச் சட்டம். கோட்டை இடிஞ்சுது. கோடு இடியேல்லை."

கோடு என்று அவர் சொன்னது நீதிமன்றத்தை. அதற்கு ஏன் கடலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார் என்பது பிறகுதான் விளங்கியது.

இடையில் ஒருநாள் ஏ9 வீதியால் கிளிநொச்சி மச்சாள் வீட்டுக்கும் போய்வந்தோம். போரில் கவிழ்ந்த பிரமாண்டமான தண்ணீர்த் தாங்கியை வீதியோரத்தில் அப்படியே காட்சிப்பொருளாக வைத்திருந்தார்கள். தெற்கிலிருந்து வந்த பஸ்கள் நிறுத்தி, சனம் இறங்கிப் படம் எடுத்தது. "இந்த ஊரில நிக்கிற கட்டிடத்தைவிட விழுந்ததுக்குத்தான் மரியாதை" என்றாள் மச்சாள். சொல்லிக்கொண்டே நெக்டோவை ஊற்றினாள்.

ஆனால் மீள்கட்டுமானம் என்றால் என்ன என்பதை நான் பார்த்தது பெரியப்பாவின் வீட்டு மேற்கு எல்லையில்.

முந்தி அங்கே கிளுவங்கதியால் வேலி. நடுவில் ஒரு பொட்டு. அதற்குள்ளால்தான் பிள்ளைகளும் கறிக்கிண்ணங்களும் ஊர்ச்செய்திகளும் போய்வந்தன. யாழ்ப்பாணத்து வேலிக்கு ஒரு குணம் உண்டு: அடைக்கும்போதெல்லாம் ஒரு விரல்கடை நடக்கும். எந்தப் பக்கம் நடக்கும் என்பது யார் அடைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 1995 ஒக்ரோபர் கடைசியில் போருக்குத் தப்பி யாழ்ப்பாணப் பக்கமே எழும்பித் தென்மராட்சிக்கு ஓடியபோது இரண்டு வீட்டாரும் ஒரே றோட்டால்தான் ஓடினார்கள். அடுத்த வருஷம் திரும்பி வந்து பார்த்தால் கூரை இல்லை, கதவுநிலை இல்லை, வேலி இருந்த தடயமே இல்லை. நிலத்துக்கு மேலே மிஞ்சியது ஒரு பூவரசு. அது எல்லையில் நின்ற மரம் என்கிறார் பெரியப்பா. எல்லைக்கு ஒரு சாண் உள்ளே, தங்கள் காணியில் நின்ற மரம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

கையில் காசில்லாதவரை இது வெறும் அபிப்பிராய பேதமாகவே இருந்தது. பிறகு பக்கத்து வீட்டு மகன் லண்டனிலிருந்து மதில் கட்டப் பணம் அனுப்பினான். போர் விட்டுவைத்ததைப் பவுண் கிளப்பிவிட்டது. சேவையர் வந்தார், சங்கிலி பிடித்தார், பிளான் கீறினார். மற்றப் பக்கம் வேறொரு சேவையரைக் கூட்டிவந்தது. இரண்டு பிளானும் பூவரசில் முட்டிக்கொண்டன. வழக்கு.

இதில் முக்கிய சாட்சி பங்கர்தான். தொண்ணூறுகளில் இரண்டு குடும்பமும் சேர்ந்து அதை வெட்டியது அந்த எல்லையில்தான். பொம்மர் இரைந்தால் அங்காலை ஆறு பேர், இங்காலை ஐந்து பேர், முழங்காலோடு முழங்கால் இடிக்க ஒரே குழிக்குள். அந்த நாளில் யாரும் சாண் பிடித்துப் பார்க்கவில்லை. இப்போது பங்கரின் நடுதான் எல்லை என்பது அவர்களின் வாதம். "முழுப் பங்கரும் எங்கட காணிக்குள்ள. பாவம் எண்டு இடம் குடுத்தனாங்கள்" என்பது பெரியப்பாவின் வாதம். மேலே கிடந்த தண்டவாளத் துண்டைப் பற்றி மட்டும் இரண்டு தரப்பும் கோட்டில் வாயே திறக்கவில்லை. அது ரெயில்வேயின் சாமான் என்பதில் பூரண ஒற்றுமை.

நான் நின்றபோது ஒரு தவணை வந்தது. காலை எட்டு மணிக்கு வாசலில் ஓட்டோ. பெரியப்பா வேட்டி கட்டி, கோவையைக் கக்கத்தில் இடுக்கி ஏறினார். ஓட்டோ பத்தடி போய்ப் பக்கத்து வீட்டுப் படலையில் நின்றது. எதிராளியும் தன் கோவையோடு ஏறினார். கூலி சரிபாதி என்று பெரியம்மா விளக்கம் தந்தார். பின்னேரம் இருவரும் அதே ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். வழக்கைத் தள்ளிப் போட்டாயிற்றாம். வழியில் சந்தையில் ஒரு பலாப்பழம் வாங்கிப் பாதிப் பாதியாகப் பிளந்திருந்தார்கள். பிளப்பதில் தகராறு ஒன்றும் வரவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "பெரியப்பா, இவ்வளவு ஒற்றுமையாய் இருக்கிறியள். ஆறுதலா இருந்து பேசி ஒரு சமாதானத்துக்கு வரலாமே" என்றேன்.

சாய்மனைக் கதிரையில் இருந்தவர் எழும்பி நேரே இருந்தார்.

"பேச்சுவார்த்தையோ? 87இல பேசிச்சினம், 94இல பேசிச்சினம், 2002இலயும் பேசிச்சினம். ஒவ்வொருக்காலும் பேசி முடிய எனக்குத்தான் பங்கர் வெட்டிற வேலை வந்தது. வழக்கு நடக்கட்டும் விடு."