எட்டு போதாத காலம்

சிடி டிரைவுக்குள் தட்டைத் தள்ளிவிட்டு, அது கரகரவென்று சுற்றி மனமிரங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தலைமுறை நீங்களும் என்றால், லினக்ஸின் லூப் டிவைஸ் எங்களுக்கு எவ்வளவு பெரிய வரம் என்று சொல்லாமலே புரியும். சிடியை ஒருமுறை ஐஎஸ்ஓ கோப்பாக நகலெடுத்துவிட்டால் போதும். கெர்னல் அந்தக் கோப்பையே வட்டு என்று நம்பி, கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுக்கும். சீசன் வந்தால் குற்றாலத்துச் சாரல் தென்காசி வரைக்கும் வந்து, நான் பழியாகக் கிடந்த பிரவுசிங் சென்டரின் சிடி உறைகளையெல்லாம் நமுத்துப்போக வைக்கும் என்பதால், அங்கே இந்த வித்தைக்குக் கூடுதல் மவுசு.

ஆனால் எட்டுதான். லூப் 0 முதல் லூப் 7 வரை. ஒன்பதாவது கோப்பை மாட்டப்போனால் காலி இடமில்லை என்று கெர்னல் கைவிரித்துவிடும். எந்த எண்ணில் நாப்பிக்ஸ், எதில் என்சைக்ளோபீடியா என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அந்த எட்டு கடவுள் கட்டளை அல்ல, மேக்ஸ் லூப் என்ற அளவுருவில் நாமே மாற்றிக்கொள்ளலாம் என்று தெரிந்த அன்றைக்கு என் நடையே மாறிப்போனது. லூப் தனி மாட்யூலாக இருந்தால் கழற்றிவிட்டு, வேண்டிய எண்ணைச் சொல்லி மறுபடி ஏற்ற வேண்டும். கெர்னலோடு சேர்த்தே கட்டியிருந்தாலோ, பூட் வரியில் எழுதி கணினியையே அணைத்துப் போட வேண்டும். சில நேரம் அதற்கு மேலும் உட்கார்ந்து, மேஜர் எண் 7 என்று சொல்லி ஒவ்வொரு டிவைஸ் கோப்பாக எம்கேநோட் கட்டளையால் படைக்க வேண்டும். 256 வரை போகலாம். நான் அடக்கமாக 64 போட்டேன். சென்டர் அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

"ஐந்தருவியிலயே அஞ்சுதாம்ல விழுது. ஒனக்கு எட்டு பத்தலையோ?"

700 எம்பி சிடிகள் அறுபத்து நாலை வைக்க அந்த 40 ஜிபி வட்டில் இடமே கிடையாது என்பதை அவர் கேட்கவில்லை, நானும் எடுத்துச் சொல்லவில்லை.

பிறகு 2007-இல் வந்த 2.6.22 கெர்னல், தேவைப்படும்போது லூப்களைத் தானே உண்டாக்கப் பழகியது. 2011-இல், அதாவது தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் தொடங்கிய அதே ஆண்டில், 3.1 கெர்னலில் லூப் கன்ட்ரோல் வந்து, காலியாக இருப்பதைக் கேட்டால் எடுத்து நீட்டவும் ஆரம்பித்தது. என் வித்தைக்கு வேலை போயிற்று. சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறினால்தான் கம்ப்யூட்டர் உத்தியோகம் என்ற வரம்பும் அதே ஆண்டில் கொஞ்சம் தளர்ந்தது. அதை நான் குறை சொல்வதற்கில்லை.

போன சீசனில், பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டுகிறதென்று குளிக்கத் தடை போட்டுவிட்டதால், வீட்டில் ஈரம்படாத துண்டோடு சும்மா இருந்த அக்கா மகனின் லேப்டாப்பைப் பார்த்தேன். உபுண்டு. வட்டுப் பட்டியலைக் கேட்டால், திரை முழுக்க லூப், லூப், லூப். ஒவ்வொரு ஸ்னாப் செயலியும் சுருக்கிக் கட்டிய கோப்பாக வந்து ஆளுக்கொரு லூப்பில் உட்கார்ந்துகொள்கிறது. போதாததற்குப் பழைய பதிப்புக்கும் ஒன்று. 18.04 பதிப்பில் கால்குலேட்டருக்கே ஒரு லூப் கொடுத்திருந்தார்கள். கூட்டல் கழித்தல் போட!

"இத்தனை எதுக்குடே?" என்றேன்.

"யாரு மாமா அதையெல்லாம் எண்ணுதா?" என்றவன், ஏதோ தட்டினான். லூப் வரிகள் ஒன்றுகூடக் கண்ணில் படாமல் பட்டியலைக் காட்டுவதற்கென்றே ஒரு குறுக்குக் கட்டளை எழுதி வைத்திருக்கிறானாம்.