முன்னுரைத் திலகம்

வேலூர்ப் புரட்சியைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொன்னால், நம் முன்னுரைத் திலகம் முதல் வேலையாக மரத்திலிருந்து குரங்கை இறக்குவார்.

"மனிதன் தோன்றிய காலந்தொட்டே..." என்று ஆரம்பிக்கும் முதல் பக்கத்தில் ஆதிமனிதன் பழம் பறித்துத் தின்றுகொண்டிருப்பான். இரண்டாம் பக்கத்தில் தீயும் சக்கரமும். மூன்றாம் பக்கத்தில் மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நான்காவதில் சங்க காலத்தில் சற்று இளைப்பாறுவார். ஐந்தில் 1498, வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பக்கம் கரையேறுகிறார். ஆறில் 1757, பிளாசிப் போர். ஏழாம் பக்கத்தில்தான் ஒருவழியாக வேலூர் தட்டுப்படும். 1806 ஜூலை 10க்கு நான்கு வரி. எட்டாம் பக்கம் முழுக்க முடிவுரைக்கு ரிசர்வ் செய்யப்பட்டது. அங்கே வேற்றுமையில் ஒற்றுமை காண்பார்.

அந்த நான்கு வரியில் விடுபட்டவற்றை நினைத்தால்தான் பி.ஏ. வரலாறு முதலாண்டுக்குப் பாடம் எடுக்கும் பேராசிரியைக்கு வயிறு எரிகிறது. 1805 நவம்பரில் வந்த புதுத் தலைப்பாகை உத்தரவு இல்லை. அந்தத் தலைப்பாகையில் தோல் இருந்தது, நெற்றிக்குறியும் தாடியும் கூடாதென்று சொன்னார்கள் என்பதெல்லாம் இல்லை. போட மாட்டோம் என்ற சிப்பாய்களுக்குக் கிடைத்த 900 கசையடி இல்லை. கோட்டைக்குள்ளேயே காவலில் இருந்த திப்புவின் பிள்ளைகள் இல்லை. கவர்னர் பென்டிங்க், தளபதி கிராடக் இருவரையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது இல்லை. தீயைக் கண்டுபிடித்தது மட்டும் விலாவாரியாக இருக்கிறது.

போன செமஸ்டரில் பேராசிரியை ஒரு தந்திரம் செய்து பார்த்தார். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கோடரியைத் தலைப்பாகக் கொடுத்தார். கற்காலத்திலிருந்து ஆரம்பித்தாலும் இனி தப்பில்லை, தலைப்பே அதுதானே என்று கணக்கு. திலகம் அசரவில்லை. சூரியக் குடும்பம் உருவான விதத்திலிருந்து ஆரம்பித்தார். பல்லாவரம் வந்து சேர்வதற்குள் டைனோசரும் தீர்ந்திருந்தது, தாளும் தீர்ந்திருந்தது.

மற்ற பழக்கங்கள் சில்லறை. துணைநூற்பட்டியலில் 'கூகுள்' என்று ஒற்றைச் சொல் எழுதுவார். விக்கிப்பீடியாவிலிருந்து பார்த்து எழுதும்போது அடைப்புக்குறிக்குள் இருக்கும் அடிக்குறிப்பு எண்ணையும் சேர்த்தே எழுதுவார். கையால்! தலைப்புகளுக்கு இரண்டு வண்ணத்தில் அடிக்கோடு உண்டு.

இதில் அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் கட்டுரைக் கேள்வியே 'முன்னுரை' என்று ஆரம்பித்து 'முடிவுரை' என்று முடியும் குறிப்புகளோடுதான் வந்தது. நடுவே என்ன எழுதுவது என்பதையும் கேள்வித்தாளே சொல்லிவிட்டது. எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறாய், அதற்கு என்ன சான்று வைத்திருக்கிறாய் என்று பன்னிரண்டு வருஷத்தில் அவரை ஒருவரும் கேட்டதில்லை. எத்தனை அடிஷனல் ஷீட் வாங்கினாய் என்றுதான் கேட்டார்கள். கல்லூரிக்கு வந்த பிறகாவது விடிந்ததா என்றால், கட்டுரையைப் பிரிக்காமலே கையில் எடை பார்த்து இன்டர்னல் மார்க் போடுகிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். படிக்கப்போவதில்லை என்றால் எழுதச் சொல்லி ஏன் பிள்ளைகளின் உயிரை வாங்க வேண்டும்?

ஆளுக்கு விஷயம் தெரியாது என்றும் நினைத்துவிடக் கூடாது. கட்டுரை கொடுத்த மறுநாள் கேன்டீன் வரிசையில் நின்ற பேராசிரியையின் காதில் விழுந்தது இது:

"விடியக்கூட இல்ல மாப்ள, திடீர்னு சுட ஆரம்பிச்சுட்டாங்க. கோட்டை கமாண்டர் ஃபேன்கோர்ட் என்னன்னு பாக்க வெளிய போறான், திரும்பி வரவே இல்ல. அவன் பொண்டாட்டி ரெண்டு பச்சப் புள்ளைங்கள வச்சுக்கிட்டு ஒளிஞ்சு கெடக்குது. அந்தப் பக்கம் ஆற்காட்டுலேர்ந்து கில்லெஸ்பி குதிரைய வெரட்டிட்டு வந்து, கயித்தப் புடிச்சுச் செவுத்துல ஏறுறான்..."

நண்பன் வாய்க்குப் போன பஜ்ஜியைப் பாதி வழியில் நிறுத்திவிட்டான். ஆதிமனிதனும் இல்லை, பிளாசியும் இல்லை, நேராக முதல் துப்பாக்கிச் சத்தம். பேராசிரியை டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பினார்.

"இதெல்லாம் எங்கேப்பா படிச்சே?"

"அந்தம்மாவே எழுதி வச்சிருக்காங்க மேடம். ஃபோன்ல படிச்சேன்."

"அதுக்குப் பேருதான்பா முதன்மைச் சான்று. ரெண்டு மாசமா கத்திக்கிட்டிருக்கேனே! கட்டுரைல ஏன் போடல?"

"அது கதை மாதிரி இருந்துச்சு மேடம். கட்டுரைக்கு நல்லா இருக்காதுன்னு விட்டுட்டேன்."

முதல் ஆறு பக்கத்தையும் எடுத்துவிட்டு, இப்போது பேசியதை அப்படியே எழுதி, எங்கே படித்தாய் என்பதையும் கீழே குறித்துக்கொண்டு திங்கட்கிழமை வா என்றார் பேராசிரியை. திங்கட்கிழமை வந்தது. முதல் வரியிலேயே துப்பாக்கி வெடித்தது, திருமதி ஃபேன்கோர்ட் பேசினார், அடிக்குறிப்புகூட ஒழுங்காக இருந்தது. பேராசிரியை மகிழ்ச்சியோடு தாளைப் புரட்டிக்கொண்டே போனார். எடுக்கச் சொன்ன ஆறு பக்கமும் கடைசியில் பத்திரமாகக் கோக்கப்பட்டிருந்தன. மேலே இரண்டு வண்ணத்தில் அடிக்கோடிட்டு 'பின்னிணைப்பு' என்று எழுதியிருந்தார்.