மாட்சிமை தங்கிய நாகினி அம்மையாருக்கு லாச்சப்பலில் இருந்து ஒரு வாழ்த்துமடல்

நாகினித் தொலைக்காட்சித் தொடரைப் பார்க்கலாமா, வேண்டாமா என்று பாரிஸின் லாச்சப்பலில் இன்னமும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதே எமக்குப் பெருவியப்பு. ஃபோபூர் சேன்-தெனி வீதிக்கு மரக்கறி வாங்க வந்த இடத்தில், கையில் முருங்கைக்காயோடு நின்று எழுப்பக்கூடிய ஐயமா இது? ஆயினும் கேட்டுவிட்டார்கள். கேட்டவர் மனம் தெளிய, அத்தொடரின் அளப்பரும் கீர்த்தியில் எம் சிற்றறிவுக்கு எட்டியதை மட்டும் பணிந்து எடுத்துரைக்கிறோம்.

2015 நவம்பரில் இந்தியில் கலர்ஸ் அலைவரிசையில் அவதரித்து, ஏக்தா கபூர் அம்மையாரின் பாலாஜி நிறுவனத் திருக்கரங்களில் தவழ்ந்து, பின்னர் தமிழ்க்குரல் பூண்டு எம்மையும் ஆட்கொள்ள எழுந்தருளியவர் நாகினி. முதற் பருவத்தின் தலைவி சிவன்யா, நினைத்தபோது பெண்ணுருக் கொள்ளும் நாகம். பெற்றோரைக் கொன்ற ஐவரைப் பழிவாங்கப் பகைவீட்டுக்கே மருமகளாகப் புகுகிறாள். ஐந்தே ஐந்து பேர். தீண்டினால் சாகிற மனிதர்கள். அவர்களைத் தேடித் தீர்க்க அந்த ஒரு பருவத்துக்கே ஏழு மாதம் எடுத்துக்கொண்ட பெருந்தன்மையை எந்த நாவால் புகழ்வது!

பாரதப் போர் 18 நாளில் முடிந்துபோனது. அந்தக் குறையாவது பொறுக்கத்தக்கது; பொறுக்கவொண்ணாதது ஒன்று உண்டு. லாச்சப்பல் மெத்றோ நிலையத்தின் அருகிலேயே பூஃப் து நோர் என்று ஒரு பழைய அரங்கு இருக்கிறது. இடிந்து கிடந்த அதை 1974இல் மீண்டும் திறந்தவர் நாடக இயக்குநர் பீட்டர் புரூக். ஜான்-குளோத் கரியேர் எழுத்தில் முழு மகாபாரதத்தையும் 1985இல் அவிஞ்ஞோன் நாடக விழாவில் மேடையேற்றி, பிறகு இந்த அரங்குக்கே கொண்டுவந்தார் அந்த அவசரக்காரர். சூதாட்டம், வனவாசம், போர், சாவு எல்லாம் 9 மணி நேரத்தில் முடிந்துவிட்டன! தரையில் மண், கொஞ்சம் நீர், கொஞ்சம் நெருப்பு. இவ்வளவுதான் அவருடைய வறுமைப்பட்ட கற்பனை. திரௌபதியாக மல்லிகா சாராபாய் நின்றபோது அவருடைய முகத்தை இடமிருந்து ஒருமுறை, வலமிருந்து ஒருமுறை, நெற்றிப்பொட்டில் ஒருமுறை என்று இடிமுழக்கத்தோடு காட்ட வேண்டும் என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை.

நாகினியார் சபையில் அத்தகைய கஞ்சத்தனம் கிடையாது. மாமியார் ஒரு சொல் சொன்னால், அந்தச் சொல் கூடத்தில் நிற்கும் ஒவ்வொருவர் முகத்திலும் தனித்தனியே போய் விழுந்து, மும்முறை அதிர்ந்து, மின்னல் வெட்டி, விளம்பர இடைவேளை கண்டு, திரும்பி வந்து, மறுபடியும் சொல்லப்படும். இதற்குள் சோறு வடித்துவிடலாம், கறியும் தாளித்துவிடலாம். ஒரு மாதம் பார்க்காமல் இருந்து திரும்பி வந்தாலும் கதை விட்ட இடத்திலேயே கைகட்டிக் காத்து நிற்கும். இரசிகர்மேல் இத்தனை கருணை கொண்ட கலைப்படைப்பை உலக இலக்கியத்தில் வேறெங்கும் காண்கிலோம்.

நேரத்தைத் தெரிந்தெடுக்கும் திருவுள்ளத்தையும் போற்றாமல் இருக்க முடியாது. ஊரில் இரவு 9 மணி என்றால் பாரிஸில் குளிர்காலத்து மாலை நாலரை. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளை வீட்டுக்கு வரும் நேரம். றெஸ்ரோறன்ரில் மதிய வேலை முடித்துக் கோப்பை கழுவிய கையோடு வந்த தகப்பன், இரவு வேலைக்குத் திரும்பப் போகும்முன் வீட்டில் இருக்கும் நேரமும் அதுதான். ஒரு நாளில் அந்தக் குடும்பம் ஒன்றாக இருக்கக் கிடைப்பது அந்தக் கொஞ்சப் பொழுது மட்டும். பிள்ளை வகுப்பில் நடந்ததைச் சொல்ல வாயெடுக்கும். தகப்பன் கேட்க வாயெடுப்பார். இத்தகைய வீண்பேச்சுகளில் இருந்து அவர்களைக் காத்து, அனைவரையும் ஒரே திசையில் அசையாமல் இருத்திவைக்கிறார் அம்மையார். பிள்ளைக்குத் தமிழ் வராது என்று வருந்துவோருக்கும் ஒரு நற்செய்தி: ‘உன்னை அழிக்காமல் விடமாட்டேன்’ என்ற வாக்கியத்தை தடுமாறாமல் தெளிவாகச் சொல்லும் ஐந்து வயதுக் குழந்தைகள் எம்மிடையே வளர்ந்து வருகிறார்கள்.

பெண்குலத்துக்கு அவர் செய்த சிறப்பு தனி. பெண் என்றால் ஒன்று நஞ்சு, இல்லையேல் அழுகை. சமையலறையில் சூழ்ச்சி, பூசையறையில் சாபம், படுக்கையிலும் கழற்றாத ஆரம். வீடுகளைத் துடைத்தும் பிறர் பிள்ளைகளைப் பார்த்தும் ஒரு குடும்பத்தையே பாரிஸுக்கு அழைத்தெடுத்த எங்கள் பெண்கள், தம்முடைய உண்மையான வடிவம் இதுதான் என்று ஒவ்வொரு மாலையும் அறிந்து உய்கிறார்கள்.

நாகத்தைப் பற்றி முன்னோருக்கு ஒன்றும் தெரியாது. யாழ்ப்பாணத்து நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் ஐதிகத்தில் நாகம் என்ன செய்தது? வாயில் பூவைக் கவ்விக்கொண்டு கடலை நீந்திக் கடந்து அம்மனைப் பூசிக்கப் போனது. கருடன் வழிமறித்தபோது வணிகர் ஒருவர் இரங்கிக் குறுக்கிட்டார். பக்தியும் இரக்கமும், பழிவாங்கல் இல்லை, பளபளப்பு இல்லை, கண் நிறம் மாறவும் இல்லை. தீவுப்பகுதியில் இருந்து வந்து பாரிஸில் குடியேறிய எம்மவர் இந்தச் சப்பற்ற கதையையா பிள்ளைகளுக்குச் சொல்வது? தொடர் வந்து நம்மைக் காத்தது.

2022 பெப்ரவரியில் தொடங்கிய ஆறாம் பருவத்தில் அம்மையாரின் புகழ் விண்ணைத் தொட்டது. பெருந்தொற்றில் உலகமெங்கும் மனிதர்கள் மூச்சுக்குத் தவித்து இறந்த ஈரம் காயும் முன்பே, அயல்நாட்டுப் பகைவர் பரப்பிய கொள்ளைநோயில் இருந்து தேசத்தைக் காக்க நாகினி புறப்பட்டார். மருத்துவரும் தாதியரும் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தார்களோ, யாம் அறியோம். இழவு வீட்டுக்குள்ளும் மின்னல் விளக்கோடு நுழையும் இந்தத் துணிவு சாமானியர்க்கு வாய்க்காது.

இத்தனை மகிமைக்கு வாரிசு பிறவாதிருக்குமா? 2017 ஜனவரியில் சன் தொலைக்காட்சி ‘நந்தினி’யை ஈன்றது. ஒரே பாம்பை நான்கு தென்மொழிகளிலும் ஒரே சமயத்தில் படமெடுத்தாடவிட்டு 2018 டிசம்பர் வரை இழுத்த அருமையை எண்ணுந்தோறும் மெய்சிலிர்க்கிறது.

ஆகவே, ஐயம் கொண்ட பெருமக்களே, தாராளமாகப் பாருங்கள். பிள்ளையின் பேச்சு, தகப்பனின் ஓய்வு, உங்கள் மாலை என்று எது குறுக்கே வந்தாலும் தள்ளிவிட்டுப் பாருங்கள். ஒன்றே ஒன்றுதான் எம் எச்சரிக்கை: பூஃப் து நோர் பக்கம் மட்டும் பிள்ளைகளைக் கூட்டிப் போய்விடாதீர்கள். அங்கே இன்றும் நாடகம் போடுகிறார்கள். ஒரே மாலையில் கதையை முடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வழியெல்லாம் பிள்ளை அதைப்பற்றிக் கேள்வி கேட்கும், நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.