திருவிருந்து வேண்டும், பாதிரியார் வேண்டாம்

கோபன்ஹேகனில் தத்துவஞானி கீர்க்கெகார்ட் 1855-இல் ‘கணம்’ என்றொரு சிறு இதழ் நடத்தினார். அதற்கு ஒரே வேலைதான்: அரசுச் சம்பளம் வாங்கும் பாதிரிமாரைத் துவைத்துக் காயப்போடுவது. சிலுவை சுமக்கச் சொன்னவர் பெயரில் சம்பளமும் பதவி உயர்வும் வாங்குவது என்ன கணக்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஒன்பது இதழ் வந்தது. பத்தாவது தயாராகி மேஜையில் கிடக்க, மனிதர் தெருவில் விழுந்தார். ஆஸ்பத்திரியில், திருவிருந்து எடுக்கிறீரா என்று நண்பர் கேட்டார். ஓ, ஆனால் சாதாரண விசுவாசி கொடுத்தால் மட்டும். பாதிரியார் அரசு உத்தியோகஸ்தர் அல்லவா! அது நடக்கிற காரியமா? வாங்காமலே நவம்பர் 11 அன்று கண்ணை மூடினார்.

செத்தவர் வாயைத் திறக்கவா போகிறார்? ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, ஊரின் தலைமை ஆலயத்திலேயே அடக்க ஆராதனை. பேசியவர் சொந்த அண்ணன். அவரும் பாதிரியார்தான், பின்னாளில் பிஷப். கல்லறையில் நின்று ‘இது அநியாயம்’ என்று கத்திய அக்காள் மகனுக்கு அபராதம்.

இன்று அமெரிக்க லூத்தரன் சபையின் நாட்காட்டியில் நவம்பர் 11 அவருடைய நினைவு நாள். அன்றைக்குத் திருவிருந்து கொடுப்பது யார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.