எஸ்டேட் முதலாளிக்குக் கல்யாணம்

தமிழ்க் காதல் நாவலின் கதாநாயகனுக்கு என்ன இருக்கிறதோ இல்லையோ, ஒரு தேயிலை எஸ்டேட் இருக்கும். சென்னையில் தொழிற்சாலை, கோவையில் மில், இவை போக ஊட்டியிலோ குன்னூரிலோ கோபித்துக்கொண்டு போய் உட்காருவதற்கென்றே ஒரு எஸ்டேட், அதில் ஒரு பங்களா, பங்களாவில் ஒரு விசுவாசமான சமையற்காரர். கதாநாயகி அங்கே போய் இறங்கும்போது தவறாமல் பனி மூட்டமாயிருக்கும். வழுக்கி விழுவாள். தாங்கிப் பிடிப்பான். முறைத்துக்கொள்வார்கள். இருநூறு பக்கம் தள்ளிக் கல்யாணம்.

இந்தக் கதைகளை நாங்கள் வாசித்தது நிஜமான தேயிலைக்கு நடுவே, இலங்கை மலையகத்து வட்டகொடையில், லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து. தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடையில் ரயில் நிற்கும் சின்ன ஸ்டேசன் எங்களுடையது. கதையில் வந்த பனி எங்கள் காம்பராவுக்குள்ளும் வரும். துவைத்துப் போட்ட துணி நாட்கணக்கில் காயாது. கதாநாயகி வழுக்கி விழுகிற மாதிரியான மலையில்தான் அம்மாயி தினமும் கூடையோடு ஏறி இறங்கினாள். தாங்கிப் பிடிக்க யாரும் வந்ததில்லை. "நிறுவ கொறஞ்சிருக்கு, அரைப் பேருதான்" என்று சொல்ல மட்டும் மடுவத்தில் ஆள் இருந்தார்.

எண்பதுகள் அது. அதற்கு முன், எழுபதுகளில், சிறிமாவோ அம்மையாரின் ஆட்சியில் இந்தியப் பத்திரிகைகளும் புத்தகங்களும் வருவதற்குக் கட்டுப்பாடு இருந்தது. அந்த நாளில் வீரகேசரி தானே பிரசுரம் தொடங்கி நம் நாட்டு எழுத்தாளர்களின் நாவல்களை வெளியிட்டது. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' அப்படி 1973இல் வந்ததுதான். 1978இல் படமாகவும் ஓடியது. 1977இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்துவிடப்பட்டதும், சென்னை அருணோதயம் வெளியிட்ட ரமணிச்சந்திரன் நாவல்கள் கடல் தாண்டி வந்துவிட்டன. கூடவே ராணிமுத்து, மாலைமதி. 'வாடைக்காற்று' நாவலின் வடக்குக் கடற்கரை மீனவர் பின்னால் போக, ஊட்டி எஸ்டேட் முதலாளி முன்னால் வந்தார். திறந்த பொருளாதாரம் எங்கள் லயத்துக்குக் கொண்டுவந்து சேர்த்த முதல் வெளிநாட்டுச் சரக்கு காதல்தான்.

புத்தகத்தைக் கடையில் காசு கொடுத்து வாங்கியவர் யாரோ ஒருவர் இருந்திருக்க வேண்டும். அந்தப் புண்ணியவானை நாங்கள் கண்டதில்லை. மேல் டிவிசன், கீழ் டிவிசன், ஸ்டோர் லயம் எல்லாம் சுற்றி முடித்துத்தான் அது எங்களிடம் வரும். அட்டை போயிருக்கும். பழைய தினகரனில் உறை போட்டு, மேலே 'சமூகக்கல்வி, ஆண்டு 8' என்று எழுதியிருக்கும். கடைசிப் பக்கங்கள் பெரும்பாலும் இருக்காது. மர்ம நாவல் என்றால் அது பெரிய அநியாயம். இதில் ஒரு நஷ்டமும் இல்லை. யாரை யார் கட்டுவார்கள் என்பது இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும்; கல்யாண விருந்தை நாங்களே போட்டுக்கொள்வோம்.

வாசிப்பது அக்கா. குப்பி லாம்பைச் சுற்றி அம்மா, பக்கத்துக் காம்பரா சித்தி, இரண்டு பொடிசுகள், எழுத்துத் தெரியாத அம்மாயி. ரொட்டி தட்டிக்கொண்டே கேட்பாள் அம்மாயி. அவளிடம் எந்தக் கதையும் சுளுவில் தப்ப முடியாது.

"அவன் காருல வர்றான், காருல போறான். வேலைக்கு எப்ப போறான்?"

"அவரு மொதலாளி அம்மாயி. அவருக்கு என்னாத்துக்கு வேல?"

"அப்ப கொழுந்து யாரு எடுக்குறா?"

அக்கா பக்கங்களைப் புரட்டித் தேடினாள். ஓரிடத்தில் இருந்தார்கள். கதாநாயகன் ஜீப்பில் போகும்போது, தூரத்துச் சரிவில் வண்ணப் புள்ளிகளாக நின்றபடி அவனைப் பார்த்துச் சிரித்துக் கும்பிட்டார்கள். அரை வரி. "அது நாந்தான்" என்றாள் அம்மாயி. அதற்குப் பிறகு எந்தக் கதையில் எஸ்டேட் வந்தாலும், "நான் வந்துட்டனா?" என்று கேட்பாள். வந்துவிட்டாள் என்றால் ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டு, "என்னா செய்றேன்?" என்பாள். கும்பிடுகிறாய் என்போம். எல்லாக் கதையிலும் கும்பிட்டுக்கொண்டுதான் நின்றாள்.

இதில் இன்னொரு வேடிக்கை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் எஸ்டேட் முதலாளி என்று ஒரு ஜீவனே கிடையாது. 1972லும் 1975லும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாகியிருந்தன. துரை சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். மாற்றல் வந்தால் மூட்டை கட்டுபவர். முதலாளி யாரென்று பார்த்தால் அரசாங்கம். அரசாங்கத்தை யார் காதலிக்க முடியும்? வழுக்கி விழுந்தால் தாங்கிப் பிடிப்பதற்கு முன் அது படிவம் கேட்கும். 1992இல் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குப் போயிற்று. மலைநாட்டுப் பெண் எவளும் பெருந்தோட்டக் கம்பெனி ஒன்றைக் கண்டு நாணித் தலைகுனிந்ததாக இன்றுவரை தகவல் இல்லை.

வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தப் புத்தகங்கள் ஆகாது. "பொம்பளப் புள்ள கெட்டுப்போகும்" என்று மாமா ஒருவர் ஒரு முழு நாவலை அடுப்பில் வைத்தார். அதே மாமா மாசி மாதம் காமன் பொட்டலில் விடிய விடிய உட்கார்ந்திருப்பார். காமன் கூத்தில் சிவன் மன்மதனை எரித்து, ரதி விழுந்து புலம்பும்போது துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ரதியாக வந்தது மீசையை மழித்துக்கொண்ட கவ்வாத்துக்காரர் என்பது அவருக்குத் தெரியும். காதலுக்காக ஊர் கூடி அழலாம். ஒரு பெண் மூலையில் உட்கார்ந்து வாசித்துச் சிரிக்கக் கூடாது. இதுதான் சட்டம்.

அப்படியிருந்தும் ஏன் வாசித்தோம் என்று கேட்டால், எனக்கு இரண்டு காரணங்கள் தெரிகின்றன. இந்த நாவல்களில் வரும் துன்பம் அத்தனையும் தப்பாகப் புரிந்துகொண்டதால் வருவது. அவள் பேசிக்கொண்டிருந்தது அண்ணனோடு, இவன் நினைத்தது காதலனோடு. உட்கார்ந்து பத்து நிமிடம் பேசினால் தீர்ந்துவிடும். பேசாமல் இருப்பதால்தான் புத்தகம் நீள்கிறது. எங்கள் துன்பம் எதுவும் அப்படி வந்ததல்ல. 1948இல் எங்கள் குடியுரிமை போனது யாரோ கடிதத்தை மாற்றிக் கொடுத்ததால் அல்ல. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் எங்களில் இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இங்கே என்று பிரித்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்க்காததால் வந்த வினை அல்ல. தீரக்கூடிய துன்பத்தைப் பற்றி வாசிப்பது எத்தனை பெரிய சொகுசு என்பது, தீராததை மட்டுமே கண்டவர்களுக்குத்தான் தெரியும்.

மற்றக் காரணம் வாய். கதாநாயகி எஸ்டேட் முதலாளியை எதிர்த்துப் பேசுவாள். "உங்கள் பணத்திமிரை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்" என்கிற ரகத்தில் சுடச்சுடக் கொடுப்பாள். அவனோ மனதுக்குள் ரசித்துச் சிரிப்பான். பிரட்டுக்களத்தில் நின்று ஒரு சொல் எதிர்த்துச் சொன்னால் மறுநாள் வேலையில்லை என்றிருந்த பெண்களுக்கு அந்த இடம் வரும்போது உடம்பு சிலிர்க்கும். "இன்னொருக்கா வாசி" என்பாள் அம்மா. காதல் காட்சியை அல்ல, வாக்குவாதத்தை.

தமிழில் சிரிப்பும் காதலும் கைகோத்த நல்ல காலம் ஒன்று இருந்தது. தேவன் விகடனில் எழுதிய கதைகளில் காதலர்கள் ஒருவரையொருவர் கேலி செய்தே நெருங்குவார்கள். படம் என்றால் 1964இல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை'. நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் இடத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எங்கள் லயத்தில் பிடித்தது வேறு. எஸ்டேட்டில் வேலை போன பையன் முதலாளி பங்களாவுக்கு எதிரிலேயே கூடாரம் போட்டு, வேலை கொடு என்று ஆட்டம் போடுகிறான். முதலாளியின் மகள் அவனைக் காதலிக்கிறாள். வீடியோ வாடகைக்கு வந்த இரவு இதைப் பார்த்துவிட்டுத் தொழிற்சங்கத்துத் தலைவர் ஒருவர், "கூடாரத்த நாமளும் போட்டுப் பாத்தோமே, மக வரல, பொலிஸ்தான் வந்துச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சில மைல் தள்ளி டெவன் தோட்டத்தில், தோட்டக் காணியைக் காக்கத் திரண்ட கூட்டத்தில் நின்ற சிவனு லெட்சுமணனைப் பொலிஸ் சுட்டுக் கொன்றது 1977 மே மாதத்தில். அதைத் தெரிந்தவர்கள்தான் அத்தனை பேரும்.

தேயிலை என்றாலே கண்ணீர் என்று இலக்கியம் எழுதி வைத்திருப்பதற்கு இப்படிப்பட்ட துன்பங்கள்தான் காரணம். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' அப்படித்தான். எங்கள் வட்டகொடை மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போன சி.வி. வேலுப்பிள்ளை எழுதிய நாவலின் பெயர் 'வீடற்றவன்'. எல்லாம் உண்மை, எழுதியே தீர வேண்டியவை. ஆனால் அதே சி.வி. தோட்டத்து நாட்டார் பாடல்களையும் தேடித் தொகுத்தார். அவற்றைப் புரட்டினால் கங்காணியைக் கிண்டல் பண்ணுகிறவர்களும், மாமன் மகனை வம்புக்கு இழுக்கிறவர்களும் எத்தனை பேர்! எங்கள் ஆட்கள் சிரித்துக்கொண்டேதான் காதலித்திருக்கிறார்கள். பாட்டில் இருந்த அந்தச் சிரிப்பு நாவலுக்குள் அதிகம் வரவில்லை.

இப்போதைய கதைக்கு வருகிறேன். அன்று விறகுக் கட்டுக்குள் நாவலை ஒளித்து வைத்த அதே அக்கா, இன்று மகளைப் பார்த்து, "எந்நேரமும் போனு! ஒரு பொஸ்தகம் வாசிக்கிறாளா பாரு" என்று கத்துகிறாள். மகள் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறாள். 2014இல் பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபி தளத்தில், அக்கா வாழ்நாளில் வாசித்ததை ஒரு மாதத்தில் முடித்துவிடுவாள். சிக்னலுக்காக லயத்துக்கு மேலேயுள்ள பாறையில் ஏறி உட்காருவது மட்டும்தான் கஷ்டம். அவளுக்குக் கொழும்பில் துணிக்கடையில் வேலை; லீவு முடிந்து திரும்பும் நாளில் வட்டகொடை ஸ்டேசன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ரயில் வழக்கம்போல் தாமதம்.

"என்னாடி கத?"

"காமெடி, ரொமான்ஸ் சித்தி. இன்னைக்கு யூடி போடுவாங்களான்னு பாக்குறேன்."

"ஹீரோ என்னா செய்றான்?"

"பிசினஸ். அப்புறம் ஊட்டியில..."

"எஸ்டேட்டா?"

"ஒங்களுக்கு எப்புடித் தெரியும்!"

தோட்டம் அரசுக்குப் போய்விட்டது, கம்பெனிக்குப் போய்விட்டது, பாதி தேயிலை காடாகிவிட்டது. அவன் ஒருவன் இன்னும் எஸ்டேட்டை விற்கவில்லை. எங்கள் நாளில் லட்சாதிபதி, இப்போது ஆயிரம் கோடி. எங்கள் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயைத் தொடுவதற்கு 2021 வரை ஆயிற்று. சமையற்காரரும் இன்னும் அதே பங்களாவில்தான் இருக்கிறார், பாவம், ஓய்வூதியம் கொடுத்து அனுப்ப ஒருவருக்கும் மனமில்லை.

மாறியதும் உண்டு. வாசகிகள் எழுத்தாளரையே 'சிஸ்' என்று அழைத்து, அடுத்த 'எபி' எப்போது என்று மிரட்டுகிறார்கள். இது நல்லது, எங்களுக்கு ரமணிச்சந்திரன் கடவுளுக்கு அடுத்த தூரத்தில் இருந்தார். கெட்டதும் உண்டு. 'ஆன்டி ஹீரோ' என்று ஒருவன் கிளம்பியிருக்கிறான். கதாநாயகியை அறைகிறான், அடைத்து வைக்கிறான், நூறாவது எபியில் மன்னிப்புக் கேட்கிறான். அம்மாயி இருந்திருந்தால் ரொட்டிக் கட்டையோடு எழுந்திருப்பாள். அடிப்பவனைக் காதலனாகக் காட்டுவதற்குக் கதை எதற்கு? சம்பள நாள் ராத்திரி எந்த லயத்துக்குப் போனாலும் பார்க்கலாம். நல்ல வேளையாக அக்கா மகளுக்கும் அவனைப் பிடிக்கவில்லை. மாமியாரும் மருமகளும் சேர்ந்து கதாநாயகனைக் கலாய்க்கிற கதைகளாகத் தேடிப் பிடிக்கிறாள். பெஞ்சில் அவளாகவே சிரித்துக்கொள்கிறாள். குப்பி லாம்பைச் சுற்றி ஏழெட்டுப் பேர் சிரித்த சிரிப்பை இப்போது ஒருத்தி தனியாகக் காதில் எதையோ மாட்டிக்கொண்டு சிரிக்க வேண்டியிருக்கிறது.

பங்களாக் காதலும் இப்போது விலைக்குக் கிடைக்கிறது. அட்டனுக்கு அப்பால் காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பழைய துரை பங்களாக்கள் சில 2005 முதல் உல்லாச விடுதிகள். தேனிலவுக்கு வருகிறவர்கள் தங்குகிறார்கள். கல்யாணப் படம் பிடிக்க மணமக்கள் தேயிலைக்குள் இறங்குகிறார்கள். மணமகளின் முதுகில் கூடை, நெற்றியில் கயிறு, காலில் உயர்ந்த செருப்பு. நான் பார்த்த ஒரு நாள், படம் பிடிப்பவர் மேலே மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் கையை அசைத்தார். பதிலுக்கு ஒருத்தி சிரித்துக் கையசைத்தாள். அவர் சொன்னது, கொஞ்சம் தள்ளிப் போங்கள், படத்தில் விழுகிறீர்கள் என்று. அந்த அரை வரியும் போயிற்று.

ஆகவே எழுதத் தெரிந்த மலையகப் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். துன்பத்தை எழுத ஆள் இருக்கிறார்கள். நீங்கள் ஒரு சிரிப்புக் காதல் நாவல் எழுதுங்கள். மேல் டிவிசன் பையன், கீழ் டிவிசன் பெண். தாமதமாக வரும் ரயில், பாறைக்கு மேல் மட்டும் கிடைக்கும் சிக்னல், எதற்கும் கேள்வி கேட்கும் ஓர் அம்மாயி. கதாநாயகனுக்கு எஸ்டேட் வேண்டாம். ஏழு பேர்ச் காணிக்கு உறுதி இருந்தால் போதும். ஊட்டி பங்களாவை நம்பிய வாசகர்கள் அதை நம்புவார்களா என்பதுதான் சந்தேகம், பரவாயில்லை, கற்பனைதானே. கொழுந்தெடுக்கிறவர்கள் யாரையும் கும்பிட வேண்டாம், வாய்க்கு வந்ததைப் பேசட்டும். கடைசியில் கல்யாணம் கட்டாயம். புத்தகம் வந்தால் காசு கொடுத்து வாங்குகிறேன், பி.டி.எஃப். அனுப்பச் சொல்லிக் கேட்க மாட்டேன்.